வெளிநாட்டு இளநிலைப் படிப்புக்கு உதவித்தொகை பெற்றுத் தரும் ஆலோசனை நிலையம்: ஒரு தந்தையின் மதிப்புரை

பிளஸ் டூ படிக்கும் மகளுடன், சென்ற ஆடி மாதக் கடைசியில் கோவையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் 'நூறு சதவீதம் வரை உதவித்தொகை' என்று எழுதியிருந்தார்கள். 'வரை' என்ற சொல் மட்டும் சுண்டுவிரல் நகத்தின் அளவில் இருந்தது. உள்ளே, யாருக்காவது அங்கேயே சேர்க்கைக் கடிதம் கிடைத்துவிட்டால் ஒரு பித்தளை மணியை அடித்தார்கள். நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்த மணி ஒன்பது முறை அடித்தது. அந்தச் சூட்டிலேயே, கண்காட்சியை நடத்திய ஆலோசனை நிலையத்தில் 15,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி என்பதால், பெயர் தெரிந்து பயனும் இல்லை.

முதலில் குறை சொல்ல முடியாதவை. சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, கடவுச்சீட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் முன்னெழுத்து வேறுபடுவதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வது, மாதிரி விசா நேர்காணல் நடத்துவது ஆகிய வேலைகளை ஒழுங்காகச் செய்தார்கள். தொலைபேசியை எடுத்தார்கள், சொன்ன நாளில் அஞ்சல் அனுப்பினார்கள். சொந்தப் பணத்தில் படிக்க வைக்கும் வசதியுள்ள குடும்பத்துக்கு இவை நிச்சயம் உதவும்.

நாங்கள் போனது உதவித்தொகைக்காக. எட்டுக் கல்லூரிகளின் பட்டியல் வந்தது. எட்டும் அவர்களோடு ஒப்பந்தம் வைத்திருப்பவை. அமெரிக்காவின் ஒரு தனியார் கல்லூரி ஆண்டுக்கு 15,000 டாலர் 'தகுதி உதவித்தொகை' அறிவித்ததும், ஆலோசகர் பெண்மணி மிகுந்த மகிழ்ச்சியோடு, "சார், பாப்பா ஜெயிச்சுட்டா!" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கல்விக் கட்டணம் 41,000, விடுதியும் உணவும் 13,000. உதவித்தொகையைக் கழித்த பிறகும் ஆண்டுக்கு 39,000 டாலர், நான்கு ஆண்டுகளுக்கு 1,56,000 டாலர். அதுவும் மதிப்பெண் சராசரி நான்குக்கு மூன்று என்ற அளவுக்குக் கீழே போகாதவரைதான். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள், அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் முதலாண்டு மாணவர்களுக்குத் தள்ளுபடி தருகின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முழு விலையைக் கட்டிப் படிப்பவர்கள் அங்கே சிறுபான்மையினர். விலைச்சீட்டை உயர்த்தி ஒட்டிவிட்டுக் குறைத்துத் தருவது நம் ஊர்த் துணிக்கடைகளுக்கும் தெரிந்த வித்தைதான். கண்காட்சியை ஆடியில் வைத்தது தற்செயலாக இருக்கலாம்.

இந்த நிலையங்களின் உண்மையான வருமானம் நாம் கட்டும் பதிவுக் கட்டணம் அன்று. மாணவர் சேர்ந்தபின், முதலாண்டுக் கட்டணத்தில் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் வரை கல்லூரி தரும் கமிஷன். அமெரிக்காவில் உள்நாட்டு மாணவர்களைத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுவதை, அரசின் கல்வி நிதியுதவி பெறும் கல்லூரிகளுக்கு 1992-இல் சட்டத் திருத்தம் மூலம் தடை செய்தார்கள். அந்த நிதியுதவிக்குத் தகுதியில்லாத, வெளிநாட்டில் வசிக்கும் மாணவர்களுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசிய சங்கமும் 2013-இல் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் தன் தடையைத் தளர்த்திக்கொண்டது. தங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவர்கள் ஒதுக்கிய முறைதான் நம் பிள்ளைகளைத் தேடி வருகிறது. கட்டணம் குறைந்தால் கமிஷனும் குறையும் என்றிருக்கும்போது, முழு உதவித்தொகையை நோக்கி ஆலோசகர் நம்மை வழிநடத்த எந்த முகாந்திரமும் இல்லை.

உண்மையான முழு உதவி இருக்கும் இடங்களில் பெரும்பாலும் கமிஷன் கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகிய அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பாராமல் சேர்த்துக்கொண்டு, தேவைப்படும் தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. இதை நான் கேட்டபோது, "அதெல்லாம் லாட்டரி சார்" என்றார்கள். ஹார்வர்டில் நூறு விண்ணப்பங்களுக்கு ஐந்து இடம்கூடக் கிடைப்பதில்லை என்பதால், அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. ஓராண்டு மொழிப் பயிற்சியோடு ஐந்து ஆண்டுகள், கட்டணமில்லாத படிப்பு, விமானச் செலவு, மாதம் 117,000 யென்; ஜப்பானியத் தூதரகம் வழியாக நேரடியாக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் கடக்க வேண்டும். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியர்சன் உதவித்தொகை நான்காண்டுக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் அனைத்தையும் தருகிறது. ஆனால் ஒரு பள்ளி ஒரே ஒரு மாணவரைத்தான் பரிந்துரைக்க முடியும். என் மகளின் தலைமையாசிரியை அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் விவரத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பரிந்துரைக்கும் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. இந்தச் சேவையின் மேல் எனக்குள்ள மனக்குறைகளில் பெரியது இதுதான். பணம் போனது பரவாயில்லை, அந்த மூன்று மாதங்கள் திரும்பி வராது.

விண்ணப்பக் கட்டுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதித் தந்த வரைவில், மின்சாரமில்லாத கிராமத்தில் தன்னை வளர்த்த பாட்டியை நினைத்து என் மகள் உருகியிருந்தாள். அவளுடைய பாட்டி பீளமேட்டில் இருக்கிறார். வங்கியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படித்துப் பார்த்துவிட்டு, "என்னை எந்த ஊருக்கு அனுப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். இரண்டும் ஆவண வேலைக்காக. நம் அரசுகள் வெளிநாட்டுப் படிப்புக்குத் தரும் பெரிய உதவித்தொகைகள் பெரும்பாலும் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை என்பதால், இளநிலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் இத்தகைய நிலையங்களைத் தேடிப் போவது இயல்பே. போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, ஒப்பந்தமில்லாத கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்க உதவுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஏழாவது மாதத்தில்தான் கேட்டேன். மேலாளர் மரியாதையாகவே பதில் எழுதினார்: அந்தச் சேவைக்குக் கல்லூரி ஒன்றுக்கு 20,000 ரூபாய், தனிக் கட்டணம்.