பத்து லட்சத்துக்குள் ஒரு துள்ளல் கார்: ஸ்விஃப்ட், ஃப்ரான்க்ஸ், ரேசர், ஐ20 என் லைன்: மலைக்கு எது?

தங்கை மகன் கோவையிலிருந்து ஃபோன் செய்தான். "மாமா, கார் எடுக்கப் போறேன். சின்னதா இருக்கணும், ஆனா பாயணும்." அவன் கதை இதுதான். வாரநாட்களில் அவிநாசி சாலையில் அங்குலம் அங்குலமாக நகர்வான், வெள்ளிக்கிழமை இரவு மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறி அரவங்காட்டுக்கு வருவான், ஞாயிறு மாலை அம்மா கட்டிக் கொடுக்கும் மூட்டை முடிச்சோடு இறங்குவான். பட்ஜெட் பத்து லட்சம், கொஞ்சம் முன்னே பின்னே.

அவன் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது, எல்லாம் வீடியோ பார்த்துச் சேர்த்தது. மினி கூப்பர் எஸ்-கூட இருந்தது. 2024-ல் அது இங்கே வந்தபோதே 44.90 லட்சம், அதை அடித்துவிட்டேன். 2022-ல் ஃபோக்ஸ்வேகன் போலோவை நிறுத்தினார்களே என்று ஐந்து நிமிடம் இருவரும் துக்கம் கொண்டாடினோம். மலைக்காரர்களுக்கு அந்த வண்டி மேல் ஒரு பைத்தியம் உண்டு, இன்றும் பழைய போலோ ஜிடி விற்பனைக்கு வந்தால் ஊட்டியில் ஆள் நிற்கும். கடைசியில் மிஞ்சியது நான்கு: மாருதி ஸ்விஃப்ட், மாருதி ஃப்ரான்க்ஸின் டர்போ, டாடா ஆல்ட்ரோஸ் ரேசர், ஹூண்டாய் ஐ20 என் லைன். (அந்த 'என்' ஆங்கில எழுத்து. "அது என் லைன், உன் லைன் எது?" என்று என்னைப் போலவே நீங்களும் ஜோக் அடித்திருந்தால், போதும், நிறுத்திக்கொள்வோம்.)

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று நேரான ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தருவார்கள். அதில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதனால் தெரிந்தவர்களிடம் கெஞ்சி இரவல் வாங்கி, இரண்டு வாரக்கடைசிகளில் பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்தோம். நான்காவது வண்டிக்காரர் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தால்தான் சாவி என்றார், கொடுத்தோம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பேசாமல் மலைக்கு கார் ஒப்பிடுவது வீண். கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் தானாக இழுக்கும் காற்றை நம்பி ஓடுவது, காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். ஸ்விஃப்ட்டின் புரோஷரில் 82 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும், ஊட்டி சேரிங் கிராஸ் போய்ச் சேரும்போது அது அறுபத்தைந்து சொச்சம். டர்போ எஞ்சின் அந்தக் குறையைக் காற்றை அழுத்தி அனுப்பிப் பெருமளவு சரிக்கட்டிவிடும். ஆக, கோவையில் ஸ்விஃப்ட்டுக்கும் டர்போ வண்டிக்கும் இருக்கிற தூரம், மலை ஏற ஏற அகலமாகிக்கொண்டே போகிறது.

இன்னொன்று, 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்ற கணக்கு. என் லைனுக்கு 9.9 விநாடி என்று கம்பெனி சொல்கிறது, பையன் அதை மனப்பாடமாகச் சொல்வான். குன்னூர் ரோட்டில் 100-ஐ எட்டினால் அடுத்த நிறுத்தம் தேயிலைத் தோட்டத்துக்குள்தான். இங்கே 'பாய்ச்சல்' என்பது ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: 14 கொண்டை ஊசிகளில் ஒன்றை இரண்டாம் கியரில் இருபது வேகத்தில் சுற்றி முடித்து, ஆக்சிலேட்டரை மிதித்த கணத்தில் வண்டி என்ன செய்கிறது என்பதில். உடனே இழுக்கிறதா, யோசிக்கிறதா, முதல் கியர் கேட்கிறதா? அவ்வளவுதான் எங்கள் ஊர் ரேஸ்.

அந்தக் கணத்தில் என் லைன்தான் ராஜா. 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை, மலையில் இழுப்பது இதுதான்). டார்க்கின் அளவை விட முக்கியம் அது எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது என்பது. இரண்டாம் கியரில் வளைவை முடிக்கும்போது எஞ்சின் கிட்டத்தட்ட அங்கேதான் நின்றுகொண்டிருக்கும், மிதித்தால் தயக்கமில்லாமல் கிளம்புகிறது. ரேசரும் தாளில் இதே ஆள்தான்: நெக்ஸானில் இருக்கிற 1.2 லிட்டர் டர்போ, அதே 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். ஆனால் முழு டார்க்கும் 1750-ல்தான் வரும். இந்த 250 சுற்று வித்தியாசம் சமவெளியில் யாருக்கும் தெரியாது, கொண்டை ஊசியில் ஒரு மூச்சு இடைவெளியாகத் தெரிகிறது. ஒரு மூச்சு விட்டு, பிறகு மொத்தமாகத் தள்ளுகிறது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சல், பையனுக்கோ அந்தத் தள்ளல் பிடித்துவிட்டது.

ஃப்ரான்க்ஸ் டர்போ 100 குதிரைத்திறன், 147.6 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றிலிருந்து. ஐந்து கியர் மேனுவல். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஏறியது, வண்டி எடை குறைவு என்பதால். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல வாய் வரவில்லை, வேகமான குடும்பக் கார் என்று சொல்லலாம்.

ஸ்விஃப்ட்டுக்கு வருவோம். எனக்கு இதன் மேல் ஒரு பாசம் உண்டு, மறைக்கவில்லை. 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் நான்கு சிலிண்டரை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள், டார்க் 112 நியூட்டன் மீட்டர், அதுவும் 4300 சுற்றில். ஏற்றத்தில் இதை ஓட்டுவது என்றால் கியர் லீவரிலிருந்து கையை எடுக்கக் கூடாது, எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். ஆனால் இறக்கத்தில், சுமார் 920 கிலோ மட்டுமே எடையுள்ள இந்தச் சின்னவன் வளைந்து நெளிந்து இறங்குகிற அழகு மற்ற மூன்றுக்கும் கிடையாது. ஏறும்போது திட்டுவோம், இறங்கும்போது கொஞ்சுவோம். தானே கியர் மாற்றும் ஏஎம்டி கியர்பாக்ஸ் மட்டும் மலைக்கு வேண்டாம் என்பேன், வளைவின் நடுவில் 'மூன்றா, இரண்டா' என்று அது யோசிக்கும்போது பின்னால் வருகிற அரசு பஸ் யோசிக்காது.

ஆட்டோமேட்டிக் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். என் லைனில் ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், உண்டு, காலியான ரோட்டில் அபாரம். ஆனால் அதன் கிளட்ச் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் காட்டேரியிலிருந்து குன்னூர் வரை ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்து பாருங்கள், உலர் கிளட்ச் சூடாவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிரேக்கை மிதித்து நிற்க வேண்டும், ஆக்சிலேட்டரில் தொங்கக் கூடாது. கிளட்ச் மிதித்துக் கால் வலிக்கிறது என்பவர்களுக்கு ஃப்ரான்க்ஸ் டர்போவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்தான் சரி. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துகிற பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர், ஊர்ந்து போவதற்கென்றே பிறந்தது. ரேசரில் இந்தக் கவலையே இல்லை, ஆறு கியர் மேனுவல் மட்டும்.

பிரேக் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பல வருடம் முன்பு, முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி வழியாக இறங்கும்போது, பேச்சு சுவாரசியத்தில் மூன்றாம் கியரிலேயே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, சக்கரத்திலிருந்து புகை. கை பிரேக், முதல் கியர், ஓரமாக ஒரு பாறை, பிழைத்தோம். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், தப்பு என் காலில். அதிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் சக்கரத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். நான்கில் என் லைனுக்கு மட்டும்தான் நான்கு சக்கரத்திலும் டிஸ்க். மற்ற மூன்றிலும் பின்னால் டிரம். ஏறும் கியரில்தான் இறங்க வேண்டும் என்ற விதி எல்லாவற்றுக்கும் பொது, டிஸ்க் இருப்பதால் அது ரத்தாகிவிடாது.

பாதுகாப்பில் டாடாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆல்ட்ரோஸ் 2020-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. ஐ20 2022-ல் அதே சோதனையில் மூன்று வாங்கியது, அப்போது அடிப்படையில் இரண்டு ஏர்பேக்தான், 2023-க்குப் பிறகு ஆறு. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற ரோட்டில் தினமும் போகிறவர்கள் இதைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. தங்கை இதற்காகவே ரேசர் பக்கம் சாய்ந்தாள்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருக்கிற கார்களுக்கு வரி 29-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நான்கு வண்டிகளும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன, ஷோரூம் விலையில் ஏறக்குறைய எட்டரை சதவீதம் குறைந்தது. அறிமுக விலைகளை வைத்துப் பார்த்தால் ஸ்விஃப்ட் 6.49 முதல் 9.64 லட்சம், ஃப்ரான்க்ஸ் டர்போ 9.72-ல் ஆரம்பம், ரேசர் 9.49 முதல் 10.99, என் லைன் 2023-ல் 9.99 முதல் 12.32. இதிலிருந்து அந்த எட்டரையைக் கழித்து ஒரு மனக்கணக்குப் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குள் போங்கள், அதற்கு மேல் 'ஆக்சஸரி பேக்' என்று ஏதாவது சேர்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் தமிழ்நாட்டில் உண்மையான கோடு வேறு இடத்தில் இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து சாலை வரி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. 9.90 லட்ச வண்டிக்கு 1.29 லட்சம் வரி, 10.10 லட்ச வண்டிக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் அதிகமான வேரியண்டுக்கு ஆசைப்பட்டால் ஐம்பத்து மூவாயிரம் வரியாக மட்டும் கூடப் போகிறது. என் லைனில் டிசிடி கேட்டால் கோட்டைத் தாண்டிவிடுவோம், அடிப்படை என்6 மேனுவலில் நின்றால் இந்தப் பக்கமே இருக்கலாம்.

சன்ரூஃப் வேண்டும் என்று பையனுக்கு ஒரு ஆசை. பர்லியாறில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாலே குரங்கு கை நீட்டும், கூரையைத் திறந்து வைத்தால் அது பின் சீட்டில் உட்கார்ந்து ஊட்டி வரை வரும். ரேசரின் மேல் வேரியண்டில் காற்று வீசும் சீட் வேறு. உறைபனி விழும் மாதத்தில் ஊட்டியில் முதுகுக்குப் பின்னால் காற்று வீசும் சீட்! அவிநாசி சாலைக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

தோற்றத்தில் ரேசரை அடிக்க முடியாது. ஆரஞ்சு நிறம், கறுப்பு பானெட்டில் இரண்டு வெள்ளைக் கோடு, பச்சைத் தேயிலைச் சரிவின் நடுவில் அது வளைந்து வருவதைப் பார்த்தால் கண் தானாகப் பின்னால் போகும். என் லைன் சிவப்புக் கோடும் இரட்டைப் புகைக்குழாயும் வைத்துக் கொஞ்சம் அடக்கமாக அலட்டுகிறது, அந்தக் குழாயின் உறுமல் மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எனக்கே வயது குறைந்த மாதிரி இருந்தது. ஃப்ரான்க்ஸின் சரிந்த பின்பக்கம் அழகுதான், ஆனால் பின்கண்ணாடி சின்னது, மூடுபனியில் ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவை நம்ப வேண்டும். ஸ்விஃப்ட் ஸ்விஃப்ட்தான்.

டிக்கி ஸ்விஃப்ட்டில் 265 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 308, என் லைனில் 311, ரேசரில் 345. கீழிருந்து அரிசி மூட்டை, மேலிருந்து கேரட், உருளை, வர்க்கி டப்பா, இதுதான் அவன் போக்குவரத்து, ஸ்விஃப்ட்டில் மட்டும் பின் சீட்டை மடக்க வேண்டி வரும். ஆல்ட்ரோஸின் கதவுகள் 90 டிகிரி திறக்கும், முட்டி வலியுள்ள எங்கள் அம்மா அதில்தான் முனகாமல் ஏறினார். ஆனால் சரிவில் நிறுத்திவிட்டுத் திறந்தால் அந்தக் கதவு தானே போய் மதிலைத் தேடும். மலையில் சமதளமாக எங்கே நிறுத்துவது?

சர்வீஸ் பற்றி நீட்ட வேண்டாம். மாருதிக்கு மலையில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், மற்றவற்றுக்குப் பெரிய வேலை என்றால் கீழே இறங்கத் தயாராக இருங்கள். அவன் கோவையில் இருக்கிறான், அவனுக்குப் பிரச்சினை இல்லை.

கடைசியாக வந்தது தரை இடைவெளி. தங்கை வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து ஒரு சிமெண்ட் சரிவுப் பாதை, அதன் முடிவில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் யாரோ எழுப்பிய ஒரு திட்டு. ஃப்ரான்க்ஸ் 190 மில்லிமீட்டர், அலுங்காமல் தாண்டியது. என் லைன் 170, ரேசர் 165, ஸ்விஃப்ட் 163. என் லைன் இரண்டு பேரோடு தாண்டியது, நான்கு பேரும் மூட்டையும் ஏறியபோது அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஃப்ரான்க்ஸ் என்றுதான் முடிவாகும் போலிருந்தது. தங்கை ரேசர், அம்மாவும் ரேசர். 2025 மே மாதம் வந்த புதுமுக ஆல்ட்ரோஸில் ரேசர் இல்லை, பழைய முகத்தோடு இருப்பதை எடுத்தால் விற்கும்போது இடிக்கும் என்று நான் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. பையன் ஒரு இரவு முழுக்க யோசித்தான். காலையில், "மாமா, அந்தத் திட்டுக்காக நான் ஏன் வேற கார் வாங்கணும்?" என்றான்.

என்6 மேனுவலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை கொத்தனார் வருகிறார், திட்டை உடைத்து குறுக்கே ஒரு வாய்க்காலும் இரும்பு கிரில்லும் போட.