80 எச்.பி. தோஸ்த்தா, 75 எச்.பி. பொலேரோவா? மலை லோடுக்குப் பிக்கப் எடுப்பவர்களுக்கு

அக்கா மகன் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிறான். இத்தனை நாள் வாடகை வண்டியில்தான் சரக்கு இறங்கியது. இந்த வருஷம் சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்தே தீருவது என்று இரண்டு கம்பெனிகளின் விவரத்தாளோடு ஒட்டன்சத்திரத்துக்கு என்னைத் தேடி வந்தான். ஒன்று அசோக் லேலண்டின் படா தோஸ்த் ஐ4, இன்னொன்று மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் 1.7 டன்.

"மாமா, தோஸ்த்ல இருக்கறது ஒன்றரை லிட்டர் இன்ஜின், ஆனா 80 எச்.பி. பொலேரோல இரண்டரை லிட்டர், 75தான். அப்ப சின்னதுக்குத்தானே சக்தி கூட? எதுக்கு எங்க ஊர்ல எல்லாரும் பெருசையே எடுக்கச் சொல்றாங்க?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. தாளில் உள்ள எண்களும் அவன் பக்கம்தான். படா தோஸ்த்தில் 1478 சிசி (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு), 3 சிலிண்டர், 3,300 ஆர்.பி.எம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 80 எச்.பி. கிடைக்கிறது. இழுவை (டார்க்) 1,600 முதல் 2,400 ஆர்.பி.எம். வரை 190 நியூட்டன் மீட்டர். பொலேரோ பிக்கப்பில் 2523 சிசி, 4 சிலிண்டர். 3,200ல் 75 எச்.பி., 1,400 முதல் 2,200 வரை 200 நியூட்டன் மீட்டர். ஏற்றக்கூடிய லோடு தோஸ்த் ஐ4ல் 1,860 கிலோ, பொலேரோவில் 1,700 கிலோ. இழுவையில் இருக்கும் 10 நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தை ஓட்டுகிறவன் கால் உணரவே உணராது. இதை மட்டும் பார்த்தால் சின்ன இன்ஜினை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால், கார் வாங்குகிறவர்கள் போடும் கணக்கை ஒதுக்கி வைக்க வேண்டும். காரில் சின்ன டீசல் இன்ஜினுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. 4 மீட்டர் நீளத்துக்குள், 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. சரக்கு வண்டியில் அந்தப் பேச்சே கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சிசி எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் அப்படித்தான். காருக்கு சிசி பார்த்துக் கட்டணம் போடுவார்கள். சரக்கு வண்டிக்கு மொத்த எடைதான் கணக்கு. 2022ல் அறிவித்த கட்டணத்தில், 7,500 கிலோ வரை உள்ள வாடகைச் சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே தொகை, 16,049 ரூபாய். பெர்மிட் வேண்டுமா வேண்டாமா என்பதையும் எடைதான் முடிவு செய்கிறது. லோடோடு சேர்த்து 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம். இவன் பார்க்கும் இரண்டு மாடலுமே அந்தக் கோட்டைத் தாண்டியவை. லைசென்ஸிலும் வித்தியாசம் இல்லை. 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்ட சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பொலேரோ காரைப் பாருங்கள். ஆள் ஏறும் பொலேரோவுக்கு 2020ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததிலிருந்து இருப்பது 1493 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின்; 75 எச்.பி., 210 நியூட்டன் மீட்டர். பிக்கப்பின் 2523 சிசி இன்ஜினும் அதே 75 எச்.பி.தான், இழுவை 10 குறைவு. அப்படியிருந்தும் பிக்கப்பில் பெரியதே தொடர்கிறது. வரிச் சலுகை இல்லாத இடத்தில் பெரிய இன்ஜின் நிலைத்திருக்கிறதே, அதை நான் சும்மா விட்டுவிட மாட்டேன். விவரத்தாளில் அச்சாகாத ஏதோ ஒன்று லோடு வண்டிக்குத் தேவைப்படுகிறது.

அது என்ன என்று பூம்பாறைத் தோட்டத்தில் பார்க்கலாம். படிப்படியாக வெட்டிய வயல்கள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே கிடக்கின்றன. விடியற்காலை, பனி ஈரம், மண் தடம். மூட்டைகளை ஏற்றிவிட்டு அங்கிருந்து மேலே தார் ரோட்டுக்கு ஏற வேண்டும். முழு லோடோடு வண்டி ஏறுகிற ஏற்றங்களில் கஷ்டமானது இதுதான். வேகம் எடுக்க இடம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடுகிறோம், இன்ஜின் 1,000, 1,200 ஆர்.பி.எம்மில் இருக்கிறது. தாளில் போட்ட 190ம் 200ம் இந்த இடத்தில் இல்லை. அவை டர்போ, அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, முழுதாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு கிடைப்பவை. டர்போவைச் சுற்றுவது இன்ஜின் வெளியே தள்ளும் புகைதான். குறைந்த சுற்றில் புகையும் குறைவு, அதனால் டர்போ இன்னும் எழுந்திருக்காது. அந்த நேரத்தில் இன்ஜின் தன் சொந்த வயிற்றுக்குள் இழுக்கிற காற்றை வைத்துத்தான் இழுத்தாக வேண்டும். 2523க்கும் 1478க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஒரே சுற்றில் பெரியது ஏறக்குறைய 1.7 மடங்கு காற்றை இழுக்கும்.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் பக்கம் ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கே காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. டர்போ சுழலத் தொடங்கினால் அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டிவிடும். சுழலாத நேரத்தில் இரண்டு இன்ஜினும் அதே விகிதத்தில் இழக்கின்றன; ஆனால் சின்னதிடம் இழப்பதற்கு மிச்சமே கொஞ்சம்தான். அப்போது ஓட்டுகிறவன் என்ன செய்கிறான்? ஆக்சிலேட்டரை மிதித்துச் சுற்றை ஏற்றி, கிளட்சைப் பாதியில் பிடித்து ஏற்றுகிறான். வண்டி ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. தேய்வது கிளட்ச் பிளேட். தினமும் காலை அதே மண் தடத்தில் இதைச் செய்தால், டீசலில் மிச்சம் பிடித்த பணம் பட்டறையில் போய்ச் சேரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முதல் கியரின் விகிதத்தைத் தாழ்வாக வைத்து இந்தக் குறையை ஓரளவு மறைக்க முடியும், கம்பெனிகளும் செய்கின்றன. அதனால்தான் சிசியை மட்டும் பார்த்து முடிவெடு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது இறக்கம். என்னைக் கேட்டால் மலை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். மலைக்காரர்கள் ஏறும்போது உரமும் மளிகையும் ஏற்றிப் போகிறார்கள், பல நாள் காலியாகவே போகிறார்கள். முழு லோடு வருவது இறங்கும்போது. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் வந்துவிட்டால், அப்புறம் பெருமாள் மலை, பழநிப் பாதையோ வத்தலக்குண்டுப் பாதையோ, கீழே வந்து சேரும்வரை கொண்டை ஊசி வளைவுகளும் இறக்கமும்தான். அந்த நேரத்தில் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதால் ஒரு பயனும் இல்லை, எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கேள்வி. ஆக்சிலேட்டரை விட்டதும் டீசல் பாய்வது நிற்கிறது, சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். அந்தச் சுமை வண்டியின் வேகத்தை அடக்கும். நான்கு பெரிய பிஸ்டன்களைச் சுற்றுவதும் மூன்று சின்ன பிஸ்டன்களைச் சுற்றுவதும் ஒன்றாகாது. அதே கியர், அதே சுற்று என்றால் பெரிய இன்ஜின் கூடுதலாகப் பிடிக்கும். சின்னதில் அதே பிடி வேண்டுமென்றால் ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி, இரைச்சலோடு இறங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இரண்டு வண்டிக்கும் பொருந்தும். சின்ன இன்ஜினில் அதை ஒரு நாள்கூட மறக்கக் கூடாது.

நான் ஒரு நாள் மறந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், என்னிடம் ஒரு சின்ன இன்ஜின் வண்டி இருந்தது. மன்னவனூரிலிருந்து உருளைக்கிழங்கு. மண்டியில் நல்ல விலை போகிறது என்று அனுமதித்த எடைக்கு மேல் எட்டு மூட்டை கூட ஏற்றினேன். நேரமாகிவிட்டதே என்று மூன்றாவது கியரிலேயே இறங்கினேன். பெருமாள் மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரேக் லைனிங் கருகுகிற வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தால் பிரேக் மிதி அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கி, அப்புறம் முதலாவதுக்குத் தள்ளி, மலைப்பக்கத்து மண் மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். எதிரில் அந்த நேரம் பஸ் எதுவும் வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, வண்டியுடையது ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து மலை லோடுக்கு வண்டி கேட்கிற யாரிடமும் எச்.பி.யைப் பற்றி நான் பேசத் தொடங்குவதே இல்லை.

சட்டமும் இதில் கடுமை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. பெரிய இன்ஜின் இழுக்கிறதே என்று இரண்டரை டன் ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். ரோட்டில் உள்ள மற்றவர்களின் உயிரையும் சேர்த்து ஏற்றிப் போகிறோம் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

சரி, சின்ன இன்ஜின் எங்கே ஜெயிக்கும்? ஒட்டன்சத்திரத்திலிருந்து மேற்கே திரும்பினால் போதும். இங்கே மண்டிக்கு வரும் காய்கறியில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகிறது. பழநி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று போகிற அந்த வழியில் மலையே குறுக்கே வராது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது; பாலக்காட்டுக் கணவாய். மணிக்கு 60 கிலோமீட்டரில் இன்ஜின் 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் நிதானமாக ஓடும், டர்போ எந்நேரமும் விழித்திருக்கும். பெரிய இன்ஜினிடம் இருக்கும் நல்ல குணம் எதுவும் இங்கே தேவைப்படாது. ஆடி மாதம் எதிர்க்காற்று தார்ப்பாயைப் பிடித்துத் தள்ளும்போதுகூட, அந்த வேகத்தில் கைகொடுப்பது எச்.பி.தான். அது சின்னதிடம் 5 கூடவே இருக்கிறது.

டீசல் கணக்கை அவன் முன்னாலேயே போட்டேன். சின்னது லிட்டருக்கு 13 கிலோமீட்டர், பெரியது 11 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டம். சின்னது குடிப்பது 3,077 லிட்டர், பெரியது 3,636. லிட்டர் 92 ரூபாய் என்றால் வித்தியாசம் 51,000 ரூபாய்க்கு மேல். கேரளா ஓட்டத்துக்கு இது இரண்டு மூன்று மாத டியூ. பூம்பாறைக்காரனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவன் வண்டி வருஷத்தில் 15,000 கிலோமீட்டர் தாண்டினாலே அதிகம். அதே மைலேஜ் என்று வைத்தால் வித்தியாசம் 19,000 ரூபாய் சொச்சம். அதோடு, ஏற்றத்தில் சின்ன இன்ஜினைச் சுற்றவிட்டே ஓட்ட வேண்டியிருப்பதால், சமவெளியில் தெரிகிற மைலேஜ் வித்தியாசம் மலையில் சுருங்கிவிடும்.

உழைப்பைப் பற்றியும் கேட்டான். 80 எச்.பி.யை 1.478 லிட்டருக்குப் பங்கு போட்டால் லிட்டருக்கு 54, 75ஐ 2.523க்குப் பங்கு போட்டால் 30. சின்ன இன்ஜினின் ஒவ்வொரு பிஸ்டனும் கூடுதல் அழுத்தம் தாங்குகிறது. அதற்காகச் சீக்கிரம் போய்விடும் என்று அர்த்தமில்லை. அதற்கேற்ற பலத்தோடுதான் செய்கிறார்கள். ஆயில் மாற்றுவதிலும் ஏர் ஃபில்டரிலும் மட்டும் நாள் தள்ளிப்போடக் கூடாது. பழுது பார்க்க இன்ஜெக்டர் மூன்றுதான், அது ஒரு லாபம். பொலேரோவில் இன்ஜின் முன்னால் பானட்டுக்குள் இருக்கிறது, ரோட்டோரத்தில் நிறுத்தித் திறந்து கைவைக்கலாம். தோஸ்த்தில் சீட்டுக்கு அடியில். பதிலுக்கு முன்னால் மூக்கு நீளாததால் வண்டி நீளத்தில் பெரும்பகுதி பின்பெட்டிக்குக் கிடைக்கிறது. சந்து பொந்தில் திருப்பவும் வசதி.

ஊருக்குள் மட்டும் கடை கடையாகச் சரக்கு போடுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே அதிகம். 2005ல் 702 சிசி, 2 சிலிண்டரோடு வந்த டாடா ஏஸை நம் ஆட்கள் குட்டி யானை என்று சும்மா கூப்பிடவில்லை. அந்த வேலைக்கு அந்த இனமே போதும்.

அவனுக்கு நான் சொன்னது பொலேரோவை எடு என்றுதான். அவன் சரக்கு ஒட்டன்சத்திரம் மண்டியோடும் வடுகபட்டி பூண்டுச் சந்தையோடும் முடிகிறது. அதற்கு மேல் கேரளாவுக்குக் கொண்டு போவது வியாபாரிகளின் லாரி. அவனுக்கு முக்கியம் தோட்டத்து ஏற்றமும் மலை இறக்கமும்தான். இதே மார்க்கெட்டிலிருந்து திருச்சூருக்குத் தினமும் நடை அடிக்கிற ஒருவர் கேட்டிருந்தால், யோசிக்காமல் தோஸ்த் என்றிருப்பேன்.

"மாமா, தோஸ்த்தை ஒரு தடவை ஓட்டிப் பார்க்காம விட மனசு வரல" என்றான். அதுவும் சரிதான். இரண்டு ஷோரூமிலும் டிரையல் கேட்கச் சொன்னேன், காலி வண்டியில் இல்லை. 30 மூட்டை ஏற்றி, ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, ஆக்சிலேட்டரை அதிகம் மிதிக்காமல் முதல் கியரில் கிளம்ப வேண்டும். கிளட்ச் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அதே சரிவில் இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்கி, வேகம் எந்த எண்ணில் போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வருகிற வாரம் இரண்டு வண்டியும் பெருமாள் மலைக்கு வருகின்றன. நானும் போகிறேன்.