சித்ரா வால்வு, மாட்டு வால்வு, டாவி: எங்கள் வீட்டில் மூன்றும் உண்டு

என் நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு என்கிற செயற்கை இதய வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துக்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கும் ஒற்றை பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். நாகர்கோவில்காரனுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. வெளிநாட்டு வால்வைவிட விலையும் குறைவு. எனக்குப் பிறவியிலேயே அயோர்ட்டிக் வால்வில், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில், மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான். ஐம்பதைத் தொடுமுன்பே கால்சியம் படிந்து இறுகிவிட்டது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கார்பன் வால்வு. ராத்திரி எல்லாரும் அடங்கியதும் அவர் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். என்னுடையது பிளாஸ்டிக் தட்டு என்பதால் சத்தம் கம்மி.

வால்வுக்கு முழு மார்க் போடுவேன். படுத்துவது மாத்திரைதான். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டலாம், கூடினால் உடம்பில் எங்காவது ரத்தம் கசியலாம். கீரையே கூடாது என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு மறுவாரம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் ரிப்போர்ட் ஆடும். ரத்தப் பரிசோதனை வேண்டாத புது மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டேன். என்னுடையதைப் போன்ற மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகவே ஆகாதாம்.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மாமாவுக்கு வயது 67. மாட்டின் இதய உறையில் செய்த வால்வு வைத்தார்கள். நெஞ்சைத் திறந்துதான், ஆனால் இப்போது ஆஸ்பிரின் மட்டும். பால்வெட்டுக் கத்தியும் கையுமாகத் திரிகிற, லேபுக்கு மலையிறங்க வேண்டிய மனுஷனுக்கு என் மாத்திரை சரிப்படுமா? என்ன, பத்துப் பதினைந்து வருஷத்தில் அது தேய்ந்துவிடலாம்.

எண்பது தாண்டிய அத்தைக்கு டாவி, அதாவது நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக வால்வு வைப்பது. தொடை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிய குஜராத் தயாரிப்பு, மைவால். அந்த வாரமே வீட்டில் புட்டு அவித்தார்கள். வால்வின் விலை மட்டுமே என் ஆபரேஷன் செலவு மொத்தத்தையும் தாண்டிவிட்டது. டாவியில் சிலருக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரும் வைக்கவேண்டி வரும். கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.

டாக்டர்கள் முதலில் வயதைப் பார்ப்பார்கள், சரிதான். நான் அதோடு லேப் எவ்வளவு தூரம், கைத்தொழில் என்ன என்றும் பார்ப்பேன். அப்புறம், மாட்டு வால்வு வைப்பவர்கள் சர்ஜனிடம் வால்வின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அது தேயும்போது உள்ளேயே ஒரு டாவி வால்வை நுழைக்கலாம். ஆனால் 19 என்றால் இடம் ரொம்ப நெருக்கம். மாமாவுக்கு 23.