மெயிலைத் திறந்தாரா? ரீட் ரிசீட்டும் டிராக்கிங் பிக்சலும்

மெயில் படிக்கப்பட்டது என்று அனுப்பியவருக்குத் திரும்பி வரும் அறிவிப்புதான் ரீட் ரிசீட், பதிவுத் தபாலோடு போகும் ஒப்புகை அட்டையைப் போன்றது. ஆனால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பது பெறுபவரின் விருப்பம். டிராக்கிங் பிக்சல் அப்படியல்ல. மெயிலுக்குள் 1×1 அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருக்கும். அதை அவருடைய கருவி சர்வரிலிருந்து இறக்கிய நொடியில் அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். முன்னது கேட்டு வாங்குவது, பின்னது கேட்காமல் எடுப்பது.

ரீட் ரிசீட் கேட்பது எளிது. கிளாசிக் அவுட்லுக்கில் (விண்டோஸ் கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்) மெயில் எழுதும்போது ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ரிக்வெஸ்ட் எ ரீட் ரிசீட்’ என்பதை டிக் செய்தால் போதும். சொந்த ஜிமெயில் கணக்கில் இந்த வசதியே கிடையாது. அலுவலக, கல்வி நிறுவனக் கணக்குகளில் உண்டு, அதுவும் நிர்வாகி அட்மின் கன்சோலில் அனுமதித்திருந்தால்தான். கணினியில் மெயில் எழுதும் பெட்டியின் அடியில் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ரிக்வெஸ்ட் ரீட் ரிசீட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழு முகவரிக்கு அனுப்பிய மெயிலுக்கு ஜிமெயிலில் ரசீது வராது.

இதன் சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. மெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் ‘ஹெடர்’ பகுதியில் சேரும் ஒரு வரி வேண்டுகோள், அவ்வளவுதான் அது. பெறுபவரின் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அவரும் ‘அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லலாம். ஆகவே ரசீது வரவில்லை என்பதால் அவர் படிக்கவில்லை என்று ஆகாது. வந்துவிட்டாலும் படித்தார் என்று ஆகாது. அவுட்லுக்கில் ‘படித்தது’ என்ற குறி விழுந்தாலே ரசீது கிளம்பிவிடும். மொத்த இன்பாக்ஸையும் படித்ததாகக் குறித்தாலும் அதே கதைதான். நேர்மாறாக, முன்னோட்டப் பலகத்தில் முழுதாக வாசித்துவிட்டு, குறி விழும் முன் நீக்கினால், ‘படிக்காமலே நீக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு வரக்கூடும்.

பிக்சலுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஜிமெயிலில் மெயில்டிராக் போன்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் நிறுவிக்கொண்டால், ஒவ்வொரு மெயிலிலும் தனி முகவரி கொண்ட படம் சேர்ந்துவிடும். ஆனால் அதன் கணக்கை நம்ப முடியாத காலம் வந்துவிட்டது. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துத் தருகிறது, பெறுபவரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அனுப்பியவருக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 15 அதைவிடப் பெரிய அடி. ‘புரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி’ இயக்கத்தில் இருந்தால், மெயிலைத் திறக்காவிட்டாலும் ஆப்பிள் மெயில் செயலி பின்னணியில் படங்களை இறக்கிவிடும். அனுப்பிய சில நொடிகளிலேயே ‘திறக்கப்பட்டது’ என்று வந்தால் அது ஆளாக இல்லாமல், வரும் மெயில்களைச் சோதிக்கும் நிறுவனத்தின் பாதுகாப்பு ஸ்கேனராகவும் இருக்கலாம். கிளாசிக் அவுட்லுக்கோ வெளிப்படங்களை இயல்பாகவே தடுக்கும். அங்கே வரிவரியாகப் படித்திருந்தாலும் கணக்கில் ஏறாது. ஒரே மெயிலை ஐந்து பேருக்கு அனுப்பினால் திறந்தது யார் என்றும் தெரியாது.

தனிப்பட்ட கடிதத்தில் பிக்சல் வைப்பது தவறு என்றே கருதுகிறோம். சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலி ஒருகாலத்தில் பெறுபவர் எங்கிருந்து திறந்தார் என்பது வரை காட்டியது. கடும் எதிர்ப்புக்குப் பின், 2019 ஜூலையில் இடத்தைக் காட்டுவதைக் கைவிட்டது. உங்களை யாரும் இப்படிக் கண்காணிக்காதிருக்க, ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பக்கம் போய், ‘இமேஜஸ்’ என்ற இடத்தில் வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

அவுட்லுக்கில் ரீட் ரிசீட்டுக்குப் பக்கத்திலேயே டெலிவரி ரிசீட் இருக்கிறது. மெயில் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும் இதைப் பலர் தொடுவதே இல்லை. இந்தியாவில் நோட்டீஸ், ஒப்பந்தக் கடிதம் அனுப்புவோருக்கு இதுவே பொருத்தம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13-இன்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினி அமைப்புக்குள் மெயில் நுழைந்த நேரமே அது கிடைத்த நேரம். அவர் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரே நிறுவனத்துக்குள் எல்லோரும் அவுட்லுக் என்றால் ரீட் ரிசீட் போதும், அதுவும் முக்கிய மெயில்களுக்கு மட்டும். வெளியாட்களுக்கு மெயிலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: “இணைப்பு திறக்கிறதா, 3-ஆம் பக்கத் தொகை சரியா என்று வியாழன் மதியம் 3 மணிக்குள் பதில் அனுப்புங்கள்.” 3 மணி தாண்டினால் போன் செய்யுங்கள்.