ரைசர் போட்டீங்களா? காசு கொடுக்கும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள்

பாண்டியில் பைக் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் ரைசர் (ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை மேலே தூக்குகிற துண்டு) போட்டு ஹேண்டில்பாரை உயர்த்தலாம் என்று நினைக்கிற கடலூர்க்காரர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கடையின் பெயர் வேண்டாம், வேலை எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிக்கு வேலைக்குப் போகிறேன். கிருமாம்பாக்கம் தாண்டும்போதே மணிக்கட்டு மரத்துவிடும், அரியாங்குப்பம் வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடையில் சொன்னதும் "ஒன்றரை இன்ச் ரைசர் போட்டு, சீட்ல கொஞ்சம் ஸ்பாஞ்ச் வெட்டிட்டா சோஃபா மாதிரி இருக்கும் சார்" என்றார் ஓனர். 2,800 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடை முத்திரைகூட இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுச் சந்தில் இடது பக்கம் திருப்புகிறேன், கை ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, இன்ஜின் தானாக உறுமுகிறது. ஹேண்டிலை நேராக்கினால் அடங்குகிறது, மறுபடி ஒடித்தால் மறுபடி உறுமுகிறது. வலது பக்கம் ஒடித்தால் கிளட்ச் பாதி பிடித்தது போல டைட். ஹேண்டில் மேலே போனால் அதிலிருந்து இறங்குகிற ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், டிஸ்க் பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாவற்றுக்கும் நீளம் பத்த வேண்டும். பத்தாவிட்டால் கேபிள் போகிற வழியை மாற்ற வேண்டும், இல்லை நீளமானதாகப் போட வேண்டும். இதைத்தான் அவர்கள் பார்க்கவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது பிரேக் ஹோஸ்தான்: முழுசாக ஒடித்தால் மேலே மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக் லீவர் பக்கத்தில் பிரேக் ஆயில் இருக்கிற பாகம்) போல்ட் போட்டிருக்கிற இடத்தில் வளைவே இல்லாமல் விறைத்து நின்றது. அங்கே இழுத்து இழுத்து ஆயில் கசிந்தால் முன் பிரேக் போச்சு.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ரைசரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. போல்ட் நான்கைந்து மரைதான் பிடித்திருந்தது. 8 எம்எம் போல்ட் என்றால் குறைந்தது 8 எம்எம் ஆழமாவது இறங்க வேண்டும், அலுமினியத்தில் என்றால் 12 வரை போவது நல்லது என்றார். பெரிய பள்ளத்தில் விட்டிருந்தால் ஹேண்டில் கையோடு வந்திருக்கும்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னால் ஓனர் சிரிக்கிறார். "ரோட்ல ஓட்டும்போது ஹேண்டிலை ஃபுல்லா எங்க சார் ஒடிக்கப் போறீங்க?" வண்டியை நிறுத்தி எடுக்கும்போது ஒடிக்காமல் தூக்கியா வைப்பார்கள்? காசு திரும்ப வராது, ஃபிட் பண்ணின பொருளை எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்.

சீட் கதை தனி. ஸ்பாஞ்சை முன்பக்கம் அதிகமாக வெட்டி டேங்க் பக்கம் சரிவாக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆள் முன்னால் சறுக்கி, உடம்பு பாரம் முழுவதும் கையில் இறங்குகிறது. எந்த வலிக்காகப் போனேனோ அதைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. வெட்டின துண்டையும் தரவில்லை, அதனால் புது சீட்தான் வாங்க வேண்டியதாயிற்று.

கடைசியில் அண்ணன் செய்தது என்ன தெரியுமா? ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துகிற பழைய கிளாம்ப்பையே மாட்டி, போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டிலை என் பக்கமாகக் கொஞ்சம் சுற்றினார், பிரேக், கிளட்ச் லீவர்களை முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேராக வருகிற மாதிரி இறக்கினார். ஸ்பேனர் வேலைதான். மணிக்கட்டு மரப்பு பெரும்பாலும் போய்விட்டது. இடுப்புக்கு இன்னும் வழி தேடுகிறேன், அது வேறு.

அதையும் மீறி ரைசர்தான் வேண்டும் என்றால், கடை வாசலிலேயே வண்டியை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை மெதுவாக ஒடியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறக் கூடாது. இரண்டு பக்கத்திலும் கிளட்ச் லீவரில் கொஞ்சம் ப்ளே (பிடிக்கும் முன் லூசாக ஆடுகிற இடைவெளி) இருக்க வேண்டும், பிரேக் ஹோஸ் எங்கேயும் விறைக்கக் கூடாது. போல்ட் எத்தனை மரை இறங்கியது என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சீட்டை வெட்டக் கொடுக்காதீர்கள், வேண்டுமானால் பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வெட்டச் சொல்லுங்கள். முறையான பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லப் போனாலும் கையில் அதுதான் ஆதாரம்.