சம்பளப் பட்டியலை யார் கையில் கொடுப்பது? பரந்தனிலிருந்து ஓர் ஒப்பீடு

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். அதே முதலாளிக்கு ஏ9 வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையும் இருக்கிறது. சாதாரண மாதத்தில் இரண்டிலுமாக 38 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்போக நெல் வரத் தொடங்கினால் அது 70 வரை ஏறும். முதலில் எக்ஸலில் நானே சம்பளம் போட்டேன். பிறகு மூன்று வருடம் கொழும்பில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். இப்போது மாத வாடகைக்கு எடுத்த ஒரு மென்பொருளில் போடுகிறேன். மூன்று வழியிலும் நடந்து பார்த்தபடியால், வன்னியில் தொழில் நடத்துகிறவர்கள் ஒரு முடிவுக்கு வர இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கின் அளவைப் பார்ப்போம். 40,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்காக அவரிடம் 8 சதவீதம், அதாவது 3,200 பிடிக்க வேண்டும். முதலாளி 12 சதவீதமாக 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமாக இன்னொரு 1,200. ஆள் கையில் 36,800 வாங்குகிறார், முதலாளிக்கு 46,000 செலவாகிறது. மேலதிக நேரக் காசு சேமலாப நிதிக் கணக்கில் சேராது. இவ்வளவையும் எக்ஸல் கண்ணை மூடிக்கொண்டு செய்யும். இதற்காக மட்டும் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில். எங்கள் ஆலைக்காரர்கள் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கடைப் பிள்ளைகள் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். முதலாளி ஒருவர்தான், லீவுக் கணக்கு இரண்டு. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கடை திறந்து ஆளை வேலைக்கு வைத்தால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மென்பொருள் ஒன்றைப் பரீட்சார்த்தமாக ஓடவிட்டபோது அதற்குப் போயா என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் நான்தான் நாளைப் பார்த்துக் கையால் குறித்தேன். அதன் விலையும் டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை போனதை நாங்கள் மறக்கவில்லை. ரூபாயில் விலை சொல்லும், இலங்கைச் சட்டம் தெரிந்த மென்பொருள்களை மட்டுமே பார்ப்பது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டோம்.

விற்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: 2025 ஏப்ரலில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த மாதம் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,500இலிருந்து 27,000 ஆனது. 2026 ஜனவரியில் அது 30,000. சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியின் விலக்கு எல்லையும் அதே ஏப்ரலில் மாதம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமானது. எக்ஸலில் இருந்தால் இதெல்லாம் உங்கள் தலையில். வெளியாரிடம் கொடுத்திருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் செய்த நிறுவனம் சட்ட மாற்றம் எதையும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காசு கட்டுகிற திகதியையும்தான். சேமலாப நிதியை அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் பத்து நாள் தாமதத்துக்கே 5 சதவீத மேலதிகக் கட்டணம் தொடங்கி, போகப் போக 50 சதவீதம் வரை ஏறும். கிளார்க் காய்ச்சலில் படுத்தால் அந்த மாதம் நின்றுபோகும் சிறிய இடங்களுக்கு, இந்த ஒரு விஷயத்துக்காகவே வெளியாருக்குக் கொடுக்கும் காசு தகும்.

அப்படியென்றால் ஏன் விட்டோம்?

எங்களிடம் அரிசி தரம் பிரித்த ஓர் அம்மா 50 வயதானதும் வேலையை விட்டார். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 ஆனால் சேமலாப நிதியை எடுக்கலாம். மகளின் வீட்டுக்குக் கூரை போடக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. 22 மாதக் கட்டணம் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தோடு பொருந்தவில்லை. கொழும்பில் யாரோ தட்டச்சு செய்யும்போது நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. 32,000 ரூபாய் சம்பளத்தில் இரு பக்கமும் சேர்த்து மாதம் 6,400, மொத்தம் 140,800 ரூபாய். "பிள்ளை, என்ர காசு எங்க போட்டுது?" என்று அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் கொழும்புக்கு போன் எடுத்தேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில்தான் பிழை என்றார்கள். நான் அனுப்பியது சரி என்று காட்ட மின்னஞ்சலைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. திருத்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தது எங்கள் முதலாளி. ஏனென்றால், வேலையை யாரிடம் கொடுத்தாலும் சட்டத்தின் முன் முதலாளி முதலாளிதான். காசு வந்து சேர ஏழு மாதம். அந்த மழைக்குக் கூரை போடவில்லை.

இலக்கம் மாறுவது எங்கும் நடக்கும். ஆனால் வன்னியில் அதைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் கூடக் கடினம். 2009இல் பையோடு பத்திரங்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊழியர்களில் பாதிப் பேர். பிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அட்டையில் இன்னொரு மாதிரி. தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு, மென்பொருள் கேட்கும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒவ்வொரு கிளார்க்கும் ஒவ்வொன்றை நிரப்புகிறார். ஒன்பது இலக்கப் பழைய அட்டை சிலரிடம், பன்னிரண்டு இலக்கப் புதியது சிலரிடம். இதையெல்லாம் ஆளை எதிரே இருத்தி, அட்டையைக் கையில் வாங்கி, வாசித்துச் சரிபார்க்க வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது முடியாது.

மென்பொருள் வாங்கினால் இது தானாகத் தீரும் என்றும் நினைக்க வேண்டாம். பழைய பதிவேடுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததால், உள்ளே ஏற்றியபோது பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழுந்தன. 38 பேரையும் திரும்ப யூனிகோடில் நான்தான் அடித்தேன். மென்பொருளோடு வந்த கைரேகை மெஷின் இன்னொரு பாடு. மூட்டை தூக்கி, உமித் தூசியில் நின்ற விரலில் ரேகை தேய்ந்திருக்கும். சாந்தன் அண்ணை (உண்மைப் பெயர் வேறு) காலையில் பெருவிரலைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைப்பார். மெஷின் சிவப்பைக் காட்டும். வேலைக்கு வந்த மனிசனை வரவில்லை என்று எழுதுகிற மெஷினை நம்பிச் சம்பளம் வெட்ட முடியுமா? அட்டை தட்டும் மெஷினுக்கு மாற்றினோம். வாங்கப் போகிறவர்கள் ஆலை, மேசன், கடல் வேலைக்காரர்களின் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விலைக்கு வருவோம். வெளியாரும் மென்பொருள்காரரும் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஆளுக்கு 300 என்று வைத்துக்கொண்டால், 38 பேருக்கு 11,400, அறுவடை மாதத்தில் 70 பேருக்கு 21,000. வருடம் முழுவதும் 70க்குக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. மாதா மாதம் கூட்டிக் குறைக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அறுவடைக்கு வருபவர் தற்காலிகம்தானே என்று பட்டியலுக்கு வெளியே விடவும் முடியாது. சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே அவருக்கும் உரியது. பணிக்கொடைச் சட்டத்துக்கும் அவர் கணக்கில் வருவார். ஒருவர் விலகுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவதொரு நாள் 15 பேர் வேலை செய்திருந்தால் போதும், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கடமை வந்துவிடும். பத்துப் பேர்தான் என்று நிம்மதியாக இருக்கும் சிறிய ஆலைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தரவு பற்றியும் ஒரு சொல். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் உள்ள பட்டியல் யார் கைக்குப் போகிறது என்ற பயத்தோடு வாழ்ந்த சனம் இது. நாங்கள் விலகியபோது அந்த நிறுவனம் மூன்று வருடப் பதிவையும் பிடிஎஃப் ஆகத்தான் தந்தது. திரும்ப ஏற்ற முடியாது. எக்ஸல் கோப்பாகத் தருவோம், எங்களிடம் உள்ள பிரதியை அழிப்போம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், 15 பேருக்குக் குறைந்த கடை எக்ஸலிலேயே இருக்கலாம், மாதம் ஒருமுறை இன்னொரு கண் பார்க்க வேண்டும். கணக்குத் தெரிந்தவர் நிலைக்காத இடமென்றால் வெளியாரிடம் கொடுங்கள். ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தமிழில் பேசக்கூடிய ஒருவரிடம். பெயர்ப் பதிவேடும் வரவும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எங்களைப்போல இரண்டு சட்டமும், ஏறி இறங்கும் ஆள் கணக்கும் உள்ள இடத்துக்கு உள்ளூர் மென்பொருள்தான் ஒத்துவருகிறது, அதைப் பார்க்க ஒரு முழு ஆள் இருந்தால்.

எங்கள் சம்பளச் சிட்டை இப்போது தமிழில் வருகிறது. அடையாள அட்டை இலக்கத்தைப் பெரிய எழுத்தில் மேலே போடச் சொல்லி வாங்கினேன். சம்பள நாளில் ஒவ்வொருவரும் அட்டையை எடுத்துச் சிட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். போன மாதம் கடைப் பையன் ஒருவன் தன்னுடையதில் கடைசி இலக்கம் பிழை என்று கொண்டுவந்தான். சேர்ந்து இரண்டு மாதம்தான். அன்று பின்னேரமே திருத்தினோம்.