கண்டாங்கிக்கு எந்த மஞ்சள்: விரலி மஞ்சளா, மாதுளைத் தோலா?

2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் பருத்தி நூலுக்கு இயற்கை மஞ்சள் நிறம் ஏற்ற விரும்புவோர் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குகின்றனர்.

செலவு: மஞ்சளை விலைக்கு வாங்க வேண்டும், மாதுளைத் தோலோ பழச்சாற்றுக் கடையில் குப்பைக்குப் போவது.

எளிமை: மஞ்சள் வெந்நீரிலேயே நூலைப் பற்றிக்கொள்ளும், மாதுளைத் தோலைக் காய்ச்சி வடிப்பதோடு, நூலுக்குப் படிகாரமும் ஏற்ற வேண்டும்.

நிலைப்பு: வேறுபாடு பெரிதாவது இங்குதான். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமின் வெயிலில் வெளுப்பதோடு, சோப்பின் காரம் பட்டதும் சிவந்தும் விடுகிறது. மாதுளைத் தோலில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் படிகாரத்துடன் இழையில் பிணைந்து சலவையை நன்கு தாங்குகிறது, ஆயினும் இரும்பு அண்டாவில் காய்ச்சினால் கருமை படரும் (எவர்சில்வரே நலம்).

ஒருநாள் சடங்குக்கு உடுத்தும் துணிக்கு மஞ்சள் போதும். அடிக்கடி துவைத்து உடுத்தும் சேலைக்கு, நிறம் சற்றே மங்கலாக இருந்தாலும், மாதுளைத் தோலையே பரிந்துரைப்பேன்.